கடன்படாதவர்க்குக் கடன்: மோட்டார் வண்டி தவணைக்கு வந்த வரலாறு

சென்ற ஆண்டின் மூன்றாம் தவணையில் ஒருநாள் மாலை, எங்கள் பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிக்கும் இளம் ஆசிரியை ஒருவர் என் அலுவலகத்துக்கு வந்தார். முன்பு என்னிடமே படித்தவர். கையில் ஒரு படிவம், முகத்தில் வாட்டம். நோயுற்ற தாயாரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லவும், நாள்தோறும் இரண்டு பஸ் மாறிப் பாடசாலைக்கு வரும் துன்பத்தைத் தவிர்க்கவும், பழைய மோட்டார் வண்டியொன்றை வாங்க அவர் எண்ணியிருந்தார். நிதி நிறுவனத்தாரோ, "நீங்கள் முன்னர் கடன் பெற்றுத் திருப்பிய வரலாறு இல்லை, ஆதலால் பிணையாளி வேண்டும்" என்று கூறிவிட்டனராம்.

"சேர், நான் ஒருவரிடமும் ஒரு சதம்கூடக் கடன்பட்டதில்லை. அதுவே குற்றமாகிவிட்டதே!" என்றார்.

அவர் வேண்டியது என் கையொப்பம். நான் உடனே இசையவில்லை. என் தந்தையார் உறவினர் ஒருவருக்குப் பிணை நின்று, தென்னந்தோட்டத்தில் ஒரு பகுதியை இழந்தவர். அந்தக் கசப்பைச் சிறு வயதிலேயே அறிந்தவன் நான். "இரண்டு நாள் பொறு, பிள்ளை" என்று சொல்லி அனுப்பினேன். அவ்விரண்டு நாளும் வரலாற்று மாணவன் செய்யத்தக்க செயலையே செய்தேன். கடன்படாத மனிதனை நம்பி வண்டியைக் கொடுக்கலாமா என்ற கேள்வி எங்கே பெரிதாக எழுந்தது, அதற்கு என்ன விடை கண்டனர் என்று நூல்களைப் புரட்டினேன். கண்டவற்றை இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

அக்கேள்வி பேருருக் கொண்டு எழுந்த இடம் அமெரிக்க ஐக்கிய நாடுகள். 1908ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் ஹென்றி போர்ட் தமது புகழ்பெற்ற 'ரி' மாதிரி வண்டியை ஏறக்குறைய 850 டொலர் விலைக்கு விற்பனைக்கு விட்டார். 1913இல் நகரும் பொருத்துவரிசை முறையை அமைத்து உற்பத்தியைப் பெருக்கினார். 1914இல் தம் தொழிலாளர்க்கு நாட்கூலி 5 டொலர் என அறிவித்து உலகை வியக்கச் செய்தார். விலை ஆண்டுக்காண்டு இறங்கிற்று. 1925இல் அவ்வகை வண்டிகளுள் மலிவானது 260 டொலருக்கே கிடைத்தது. ஆயினும் அத்தொகையை ஒரே முறையில் எண்ணி வைக்கத்தக்க தொழிலாளர் எத்தனை பேர்?

வங்கிகள் உதவ முன்வரவில்லை. மோட்டார் வண்டி ஆடம்பரப் பொருள்; ஆடம்பரத்துக்குக் கடன் கொடுப்பது நல்ல வங்கிக்கு அழகன்று என்பது அக்கால வங்கியாளர் கொள்கை. வாங்குவோர்க்கு மட்டுமன்றி விற்போர்க்கும் இத்தொல்லை இருந்தது. தொழிற்சாலை ஆண்டு முழுவதும் வண்டி செய்யும். மக்களோ பனிக்காலம் கழிந்த பின்னரே பெரிதும் வாங்குவர். இடைக்காலத்தில் வண்டிகளை வாங்கி இருப்பில் வைக்க வியாபாரிக்கும் கடன் வேண்டியிருந்தது.

தவணை முறை அந்நாட்டுக்குப் புதியதன்று. 1850களிலேயே சிங்கர் தையல் இயந்திரங்களைச் சிறு சிறு தொகையாகச் செலுத்தி வாங்கும் வழக்கம் தோன்றிவிட்டது. ஆனால் தையல் இயந்திரம் வீட்டில் நிற்பது. மோட்டார் வண்டியோ ஓடிவிடுவது! முன்பின் அறியாத ஒருவனிடம் ஓடும் பொருளைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக உறங்குவது எங்ஙனம்?

இக்கேள்விக்கு மூன்று விடைகள் காணப்பட்டன.

முதல் விடை, மனிதனுக்கு மனிதன் சாட்சி. 1910இல் வேர்ஜீனியா மாநிலத்து நோர்போக் நகரில் ஆதர் மொறிஸ் என்னும் வழக்கறிஞர் ஒரு கடன் நிலையத்தை நிறுவினார். சொத்து ஈடு வைக்க இயலாத கூலியாளரும் எழுதுவினைஞரும், தம்மை அறிந்த இருவரின் கையொப்பத்தோடு வந்தால் கடன் பெறலாம். வாரந்தோறும் சிறுதொகை செலுத்தித் தீர்க்கலாம். அவரது முறை பிற நகரங்களுக்கும் விரைவிற் பரவிற்று. அயலாரும் உடன் தொழில் புரிவோரும் தந்த நற்சான்றே அங்கே மூலதனம் ஆயிற்று.

இரண்டாம் விடை, பொருளே பொருளுக்கு ஈடு. 1919ஆம் ஆண்டு ஜனவரியில் ஜெனரல் மோட்டர்ஸ் கம்பனி, வண்டிக் கடனுக்கென்றே தனி நிறுவனம் ஒன்றைத் தொடங்கியது. வாங்குவோர் விலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை முற்பணமாகச் செலுத்த வேண்டும். எஞ்சியதைப் பெரும்பாலும் ஓராண்டுக்குள் மாதத் தவணைகளாகத் தீர்க்க வேண்டும். தீரும் வரை வண்டியின் மீது கடன் கொடுத்தவருக்கு உரிமை உண்டு. இவ்விதியில் ஒரு நுட்பம் இருக்கிறது. புதிய வண்டி கடை வாசலைத் தாண்டிய கணத்திலேயே விலை குறையத் தொடங்குகிறது. வண்டியின் மதிப்பைவிடக் கடன் விரைந்து குறைந்தால், தவணை தவறினும் வண்டியை எடுத்து விற்றுக் கணக்கை நேர்செய்யலாம். பெரிய முற்பணமும் குறுகிய காலமும் கொடுத்தவரை மாத்திரமன்றி, வாங்கியவரையும் காத்தன.

மூன்றாம் விடை, விசாரணை. 1899இல் அற்லாண்டா நகரில் வுல்போர்ட் சகோதரர் இருவர் தொடங்கிய நிறுவனம் போன்றவை, இன்னார் ஒழுங்காகக் கடன் கட்டுகிறவரா என்று கடைகாரரிடம் கேட்டுப் பதிந்து விற்றன. குணம், வருவாய், உடைமை ஆகிய மூன்றையுமே அக்காலத்தார் நோக்கினர். கடனே வாங்காதவனாயினும் ஒரே தொழிலில் எத்தனை ஆண்டு இருந்தான், ஒரே வீட்டில் எத்தனை ஆண்டு குடியிருந்தான், வாடகை தவறாது கொடுத்தானா என்பன அவனுக்காகப் பேசின.

ஹென்றி போர்ட் இவற்றையெல்லாம் வெறுத்தார். கடன் மனிதனைக் கெடுக்கும் என்பது அவர் நம்பிக்கை. 1923இல் அவர் வேறொரு திட்டத்தை வகுத்தார். வாரந்தோறும் 5 டொலரை உள்ளூர் வங்கியிற் சேமியுங்கள்; முழு விலையும் சேர்ந்ததும் வண்டியைப் பெறுங்கள் என்றார். நம் முன்னோர் கேட்டிருந்தால் மெச்சியிருப்பர். கடனில்லாக் கஞ்சி கால் வயிறு என்பவர் அன்றோ நாம்! ஆனால் 260 டொலர் சேர 52 வாரம் காத்திருக்க வேண்டும். அண்டை வீட்டான் அதே மாதத் தவணையைக் கட்டிக்கொண்டே வண்டியில் உலாவுகிறான். திட்டத்திற் சேர்ந்தவருட் பெரும்பாலோர் இறுதிவரை செல்லவில்லை. 1920களின் நடுப்பகுதியில் அந்நாட்டில் விற்ற புதிய வண்டிகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று தவணை முறையிலேயே விற்கப்பட்டன. 1927இல் 'ரி' மாதிரி நின்றது. 1928இல் போர்ட் கம்பனியும் தனக்கென ஒரு கடன் நிறுவனத்தை அமைத்தது. கொள்கை சந்தையிடம் தோற்றது.

ஆயினும், நேயர்களே, வெற்றிக் கதையின் மறுபுறத்தையும் காணல் வேண்டும். 1929இன் பின்னர்ப் பெரும் பொருளாதார மந்தம் வந்தது. அக்கால ஒப்பந்தப்படி தவணை தவறியவர் வண்டியோடு அதுவரை கட்டிய பணத்தையும் இழக்கும் நிலை இருந்தது. ஆகவே குடும்பங்கள் பிற செலவுகளைக் குறைத்துத் தவணையைக் கட்டின. அதனால் கடைகளில் வியாபாரம் மேலும் சுருங்கி மந்தம் கடுமையாயிற்று என்று மார்த்தா ஒல்னி என்னும் பொருளியல் வரலாற்றாசிரியர் விளக்குகிறார். ஏழை நாணயமற்றவன் என்று அஞ்சிய வங்கியாளர்க்கு ஏழை தந்த விடை இது!

விசாரணையிலும் அநீதி புகுந்தது. 'குணம்' என்ற சொல்லுக்குள் நிறமும் பாலும் ஒளிந்துகொண்டன. சொந்தமாக உழைக்கும் பெண்ணிடங்கூடக் கணவனின் கையொப்பம் கேட்டனர். 1956இல் பொறியியலாளர் வில்லியம் பெயரும் கணித அறிஞர் ஏர்ல் ஐசாக்கும் ஒரு நிறுவனத்தைத் தொடங்கி, கடன் விண்ணப்பத்தை எண்களால் மதிப்பிடும் முறையை வளர்த்தனர். 1970இல் தன்னைப் பற்றிய பதிவை அறியும் உரிமை சட்டமாயிற்று. 1974இல் பெண் என்பதற்காகக் கடன் மறுப்பது தடுக்கப்பட்டது. 1976இல் அத்தடை இனம், நிறம் முதலியவற்றுக்கும் விரிந்தது. எண்ணுக்கு நிறமில்லை என்பது உண்மை. ஆனால் எண்ணுக்குக் கண்ணும் இல்லை. பழைய கடன் இல்லாதவனை அது நல்லவன் என்றோ தீயவன் என்றோ காண்பதில்லை, காண்பதேயில்லை.

நம் நாட்டிலும் 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் கடன் தகவற் பணியகம் நிறுவப்பட்டது. ஆசிரியையின் பெயரில் அங்கே எதுவும் இல்லை. அவ்வளவே அவர் 'குற்றம்'. நூற்றாண்டுக்கு முன் மொறிஸ் கேட்ட கையொப்பத்தையே இன்று என்னிடம் கேட்கின்றனர் என்பதை அப்போது உணர்ந்தேன். எண்ணுக்குத் தெரியாததை மனிதன் சொல்ல வேண்டியிருக்கிறது.

மூன்றாம் நாள் ஆசிரியையை அழைத்து, இருவருமாகத் தாளிற் கணக்கிட்டோம். சம்பளத்தில் வீட்டுச் செலவும் மருந்துச் செலவும் போக எஞ்சுவது எவ்வளவு? தவணையோடு காப்புறுதி, எரிபொருள், திருத்தச் செலவு ஆகியவற்றுக்கும் அது போதுமா? மொத்தமாகக் கட்டும் தொகை வண்டியின் விலையை எவ்வளவு மிஞ்சும்? முதலில் எண்ணிய வண்டி அவர் வருவாய்க்குப் பெரிது எனக் கணக்கே சொல்லிற்று. சிறிய வண்டியொன்றைத் தெரிந்து, ஆறு மாதம் சேமித்து, முற்பணத்தைக் கூட்டித் தவணைக் காலத்தைக் குறைக்க அவரே முடிவு செய்தார்.

ஆறு மாதத்தின் பின் அவர் மீண்டும் படிவத்தோடு வந்தார். பிணை நிற்பவரின் பெயரும் பதிவேட்டில் ஏறும் என்பதை நான் அறிவேன். அவர் தவறினால் கட்ட வேண்டியவன் நான் என்பதையும் அறிவேன். என் தந்தையார் செய்த பிழை கையொப்பமிட்டது அன்று. கணக்குப் பாராமல் கையொப்பமிட்டது என்றே இப்போது எண்ணுகிறேன். பேனாவை எடுத்தேன்.

அவ்வண்டி இப்போது நாள்தோறும் காலையில் பாடசாலை வாயிலில் வந்து நிற்கிறது. தவணைகள் தவறவில்லை. ஒவ்வொரு தவணையும் அவர் பெயருக்கு எதிரே ஒரு நற்சான்றை எழுதிவருகிறது. அடுத்த முறை அவருக்கு என் கையொப்பம் வேண்டியிராது.