பள்ளி விடுமுறையின் வரலாறு: ஆண்டு முழுதும் பள்ளி என்னும் கோரிக்கை பற்றிய ஒரு நோக்கு

பிள்ளைகள் ஆண்டு முழுவதும் பாடசாலைக்குச் செல்ல வேண்டுமா என்னும் வினா கல்வியியலாளருக்கும் உளவியலாளருக்கும் உரியதென்றே பெரும்பாலும் கருதப்படுகின்றது. வரலாறு பயில்வோருக்கு இதில் என்ன வேலை என்று நண்பர் சிலர் கேட்டனர். விடுமுறைக்கும் வரலாறு உண்டு. அவ்வரலாறு பிழையாகச் சொல்லப்பட்டு, அப்பிழையின் மீதே வாதங்கள் எழுப்பப்பட்டு வருகின்றன என்பதே அவர்களுக்கு யான் அளிக்கக்கூடிய விடை.

ஆண்டு முழுதும் பள்ளி நடத்தப்பட வேண்டுமென்போர் வழக்கமாக எடுத்துரைக்கும் சான்று ஐக்கிய அமெரிக்காவிலிருந்து வருவது. அங்கு கோடையில் இரண்டரை மாதத்திற்கு மேலாகப் பாடசாலைகள் மூடப்படுவது பழைய உழவர் சமுதாயத்தின் எச்சம். வயல் வேலைக்குப் பிள்ளைகள் தேவைப்பட்ட காலத்தில் ஏற்பட்ட வழக்கம். உழவு இயந்திரம் வந்த பின்னரும் அது ஒழியவில்லை என்பது அவர்கள் கூற்று. கேட்பதற்குப் பொருத்தமாகவே தோன்றும் இக்கூற்று உண்மைக்கு மாறானது. அந்நாட்டின் தட்பவெப்பத்தில் விதைப்பு இளவேனிலில் நிகழ்கின்றது. அறுவடை இலையுதிர் காலத்தில் நிகழ்கின்றது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்டதே கோடை. வயலுக்குப் பிள்ளைகள் வேண்டியிருந்தால் பள்ளியை மூடவேண்டிய காலம் இளவேனிலும் இலையுதிர் காலமுமேயன்றிக் கோடையன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் கிராமப் பள்ளிகள் அவ்வாறுதான் இயங்கின. குளிர்காலத்தில் ஒரு தவணை, கோடையில் ஒரு தவணை என இரண்டே தவணைகள். குளிர்காலத் தவணைக்கு வளர்ந்த பையன்களும் வந்தனர்; கோடைத் தவணையில் சிறு பிள்ளைகளே மிகுதி. அதாவது, உழவர் சமுதாயத்தின் பள்ளி கோடையில் திறந்திருந்தது!

நகரங்களின் நிலை இன்னும் வியப்பிற்குரியது. 1842 ஆம் ஆண்டில் டெற்றோயிற் நகரப் பள்ளிகள் 260 நாட்களும், நியூயோர்க் நகரப் பள்ளிகள் 245 நாட்களும் நடைபெற்றன. இன்று அந்நாட்டில் வழக்கிலுள்ள 180 நாட்களுடன் இதனை ஒப்பிட்டால், ஆண்டு முழுதும் பள்ளி என்பது புதிய எண்ணமன்று, கைவிடப்பட்ட பழைய வழக்கமே என்பது தெளிவாகும். எனினும் இவ்வெண்களைக் கொண்டு அக்காலப் பிள்ளைகள் நம்மினும் மிகுதியாகக் கற்றனர் என எவரும் முடிவு செய்தலாகாது. பள்ளி திறந்திருந்தது என்பது வேறு, பிள்ளைகள் வந்தனர் என்பது வேறு. கட்டாய வருகைச் சட்டத்தை முதன்முதல் இயற்றிய மசச்சூசெற்ஸ் மாநிலமே 1852 இல் 8 முதல் 14 வயது வரையான பிள்ளைகளிடம் ஆண்டிற்கு 12 வாரங்களைத்தான் கேட்டது. ஆண்டு முழுதும் கதவைத் திறந்து வைத்தமை, யார் எப்போது வரக்கூடுமோ அப்போது வரட்டும் என்பதற்காகவே எனலாம்.

பின்னர் அக்கதவு கோடையில் மூடப்பட்டது ஏன்? காரணங்கள் பல. அளவிற்கு மிஞ்சிய படிப்பு பிள்ளையின் மூளையையும் உடலையும் கெடுக்கும் என்னும் மருத்துவக் கொள்கை அக்காலத்தில் செல்வாக்குப் பெற்றிருந்தது. அமரையா பிரிகம் என்னும் மருத்துவர் 1832 இலேயே இதுபற்றி நூல் எழுதியிருந்தார். 1837 முதல் மசச்சூசெற்ஸ் கல்விச் சபையின் செயலாளராகவிருந்த ஹொறஸ் மானும் இக்கருத்தினை ஏற்றார். கோடையின் வெப்பத்தில் காற்றோட்டமற்ற நகர வகுப்பறைகள் நோய்க்கு இடமாகும் என்ற அச்சம் இருந்தது. வசதி படைத்தோர் கோடையில் நகரை விட்டு நீங்கினர். ஆசிரியத் தொழிலை ஒரு துறையாக உயர்த்த விரும்பியோருக்குப் பயிற்சி வகுப்புகள் நடத்த ஓய்வான மாதங்கள் வேண்டியிருந்தன. இவற்றோடு, நகரப் பள்ளியையும் கிராமப் பள்ளியையும் ஒரே அச்சில் வார்க்க முயன்ற நிர்வாகிகள் நகரின் நாட்களைக் குறைத்தும் கிராமத்தின் நாட்களைக் கூட்டியும் இடைப்பட்ட ஓரளவில் நிறுத்தினர். ஆகவே கோடை விடுமுறை வயலில் பிறந்ததன்று. மருத்துவரும் நிர்வாகியும் நகர நடுத்தர வகுப்பினரும் கூடி ஆக்கிய பொருள் அது. 'எச்சம்' என்று எதனையாவது சுட்டுவோர் அது எதன் எச்சம் என்பதைச் சற்றுத் தேடிப் பார்ப்பது நன்று.

மூடிய கதவு நெடுநாள் மூடியிருக்கவில்லை. நகரை விட்டு நீங்க இயலாத ஏழைப் பிள்ளைகள் கோடையில் தெருவில் திரிந்தமை கண்டு, நூற்றாண்டின் இறுதியில் நியூவார்க், நியூயோர்க் முதலிய நகரங்களில் 'விடுமுறைப் பள்ளிகள்' தோன்றின. பெரும்பாலும் அறநிலையங்களே அவற்றைத் தொடக்கின. செல்வர் வசதிக்கு ஏற்ப மூடப்பட்டது, வறியோர் பொருட்டுத் தருமமாகத் திறக்கப்பட்டது. 1904 இல் இந்தியானா மாநிலத்துப் புளவ்ற்றன் என்னும் சிறு நகரில் ஆண்டை நான்கு காலாண்டுகளாக வகுத்துப் பள்ளி நடத்தும் முறை தொடங்கியது. 1912 இல் நியூவார்க் நகரம் குடியேறிய தொழிலாளர் செறிந்து வாழ்ந்த பகுதிகளில் ஆண்டு முழுதும் பள்ளி நடத்தியது. விரைவாகப் படிப்பை முடித்து வேலைக்குச் செல்ல வேண்டிய பிள்ளைகளுக்கு அது உதவியது. பொருளாதார மந்தத்தின் நடுவே 1931 இல் அது கைவிடப்பட்டது. உருக்காலை நகரான அலிக்குயிப்பா 1928 முதல் 1938 வரை இம்முறையைக் கைக்கொண்டது; அங்கு நோக்கம் கற்றலன்று, இடநெருக்கடி.

இந்த இடநெருக்கடி என்னும் சொல்லிலேயே பிற்கால வரலாறு முழுவதும் அடங்கியுள்ளது. 1969 இல் மிசூரி மாநிலத்தில் தொடங்கிய முறைக்கு 'நாற்பத்தைந்து பதினைந்து' என்று பெயர்: 45 நாட்கள் படிப்பு, 15 நாட்கள் விடுப்பு. மாணவரை நான்கு பிரிவுகளாக்கி, எந்நாளும் மூன்று பிரிவுகள் பள்ளியிலும் ஒரு பிரிவு வீட்டிலும் இருக்கச் செய்தனர். 750 பேருக்குரிய கட்டடம் இவ்வாறு 1,000 பேரை ஏற்கும். கட்டடம் ஆண்டு முழுதும் இயங்கிற்று. பிள்ளை கற்ற நாட்களோ முன்போலவே 180 தான். 'ஆண்டு முழுதும் பள்ளி' என்ற தொடரைக் கேட்டதும் பிள்ளை மிகுதியாகக் கற்கின்றது என்று நாம் எண்ணுகின்றோம். உண்மையில் ஆண்டு முழுதும் பள்ளிக்குச் சென்றது பிள்ளையன்று, கட்டடமே.

கலிபோர்னியாவில் இது உச்சநிலை எய்தியது. 1978 இல் நிலவரியைக் கட்டுப்படுத்திய சட்டத்தின் பின் பள்ளிக் கட்டடங்களுக்குப் பணம் அரிதாயிற்று. குடியேறிய மக்கள் தொகையோ பெருகியது. லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் நெருக்கடி மிகுந்த பள்ளிகளில் 'கொன்செப்ற் சிக்ஸ்' என்னும் முறை புகுத்தப்பட்டது. மூன்று பிரிவுகள், எப்போதும் இரண்டு பள்ளியில், ஒன்று வீட்டில். இம்முறையில் பிள்ளைக்குக் கிடைத்தவை 163 நாட்கள். நாளொன்றின் நேரத்தை நீட்டி மொத்த நிமிடங்களைச் சரிக்கட்டினோம் என்று அதிகாரிகள் கூறினர்; அது பொய்யன்று. ஆயினும் ஏழு வயதுப் பிள்ளைக்குப் பிற்பகலின் இறுதியில் சேர்க்கப்படும் அரைமணி நேரமும் புதிய காலையொன்றும் சமமாகுமா? ஆண்டிற்கு 17 நாட்கள் வீதம் பன்னிரண்டு ஆண்டுகள் இம்முறையிற் கற்கும் பிள்ளை 204 நாட்களை, அதாவது ஒரு முழுப் பள்ளியாண்டிற்கு மேலாக, இழக்கும். இழந்தோர் பெரும்பாலும் வறிய குடியேற்றக் குடும்பத்துப் பிள்ளைகள். வசதியான பகுதிகளில் இம்முறை புகவில்லை. 2000 ஆம் ஆண்டில் கலிபோர்னிய அரசின் மீது தொடரப்பட்ட வில்லியம்ஸ் வழக்கு 2004 இல் இணக்கத்தில் முடிந்தபோது, 2012 ஆம் ஆண்டிற்குள் கொன்செப்ற் சிக்ஸ் ஒழிக்கப்பட வேண்டும் என்பது உடன்பாடாயிற்று, அவ்வாறே ஒழிக்கப்பட்டது.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தையும் மறைத்தல் முறையன்று. நீண்ட விடுமுறையில் பிள்ளைகள் கற்றதை மறக்கின்றனர். வறிய பிள்ளைகள் மிகுதியாகப் பின்தங்குகின்றனர் என்பது அவ்வாதம். 1978 இல் பார்பரா ஹேன்ஸ் அற்லாண்டா நகரப் பிள்ளைகளைக் கொண்டு இதனை ஆராய்ந்தார். 1996 இல் ஹரிஸ் கூப்பரும் உடனாய்வாளரும் 39 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி, கோடை முடிவில் பிள்ளைகள் ஏறக்குறைய ஒரு மாதப் படிப்பை இழந்து நிற்பதாகக் கணக்கிட்டனர். கணிதத்தில் இழப்பு மிகுதி. வாசிப்பில் வசதியுள்ள பிள்ளைகள் இழப்பின்றி மீள, வறிய பிள்ளைகளே நலிந்தனர். அண்மைக்காலத்தில் போல் வொன் ஹிப்பெல் முதலானோர் இம்முடிவுகள் பழைய தேர்வு முறைகளின் குறைபாட்டால் மிகைப்பட்டவை என ஐயுற்றுள்ளனர். எவ்வாறாயினும், நாட்களைக் கூட்டாமல் விடுமுறையைத் துண்டு துண்டாகப் பங்கிட்டு வைத்தால் இக்குறை தீருமென்பதற்கு அமெரிக்க அனுபவம் சான்றாகவில்லை.

நமது நாட்டிற்கு வருவோம். நமது திண்ணைப் பள்ளிகளுக்கு நெடிய விடுமுறை என்பதில்லை. அமாவாசை, பூரணை முதலிய நாட்களில் வரும் 'வாவு' விடுமுறையே அங்கு வழக்கு. ஆங்கிலேயர் தந்த மூன்று தவணை முறையே இன்று நாம் அறிந்தது: சித்திரைப் புத்தாண்டு, ஆவணி ஒட்டிய ஓகஸ்ற், மார்கழி. சந்திரனைப் பின்பற்றி விடுமுறை விடும் எண்ணம் ஒருமுறை மீண்டும் தலைகாட்டியது. 1966 முதல் 1971 வரை இலங்கையில் ஞாயிறு விடுமுறை நீக்கப்பட்டுப் போயா நாட்களே வார விடுமுறையாயின. வாரம் சிலவேளை ஏழு நாளாகவும் சிலவேளை எட்டாகவும் அமைந்து, பிறநாட்டு வணிகத்தோடு பொருந்தாமற் போகவே அது கைவிடப்பட்டது. முஸ்லிம் பாடசாலைகள் இன்றும் நோன்பு மாதத்தையொட்டித் தனி நாட்காட்டி கொண்டுள்ளன. நாட்காட்டி என்பது இயற்கை தந்ததன்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

ஆயின் உழைப்பிற்கும் பள்ளி நேரத்திற்கும் உண்மையான போராட்டம் நடந்த இடம் நம் நாட்டில் ஒன்றுண்டு. அது மலையகம். கோப்பிப் பயிர் பருவத்திற்குரியது. தொழிலாளர் வந்து மீண்டனர். 1870களில் இலைநோய் கோப்பியை அழித்த பின் வந்த தேயிலைக்குப் பருவமில்லை. ஆண்டு முழுதும் கொழுந்து துளிர்க்கும். எனவே குடும்பங்கள் லயங்களில் நிலைத்தன, பிள்ளைகளும் நிலைத்தனர், பள்ளி என்னும் வினாவும் எழுந்தது. ஓய்வில்லாப் பயிரின் நாட்டில் விடுமுறை மாதம் எது என்ற கேள்விக்கே இடமில்லை. கேள்வி நாளின் எந்த மணி என்பதாகவே இருந்தது. 1920 ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச்சட்டம் 6 முதல் 10 வயது வரையான தோட்டப் பிள்ளைகளுக்குக் கல்வி வசதி செய்யும் பொறுப்பினைத் தோட்ட நிர்வாகத்தின் மீது சுமத்தியது. அவர்களைக் காலை 10 மணிக்கு முன்னர் வேலைக்கு அமர்த்தலாகாது என்றும் விதித்தது. இவ்விதியைக் கருணையென்று வாசிப்போர் உளர். பத்து மணிக்குப் பின் அமர்த்தலாம் என்றும் அது பொருள்படும் என்பதை அவர்கள் கருதுவதில்லை. பள்ளி மலைக்கு விட்டுக்கொடுக்கவில்லை. மலை பள்ளிக்கு இரண்டொரு மணி நேரத்தை விட்டுக்கொடுத்தது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1977 இல். நாட்டில் இலவசக் கல்வி ஏற்பட்ட 1945 இற்கும் இதற்கும் இடைப்பட்ட முப்பத்திரண்டு ஆண்டுகளை எந்த விடுமுறைக் கணக்கிற் சேர்ப்பது?

எமது தலைமுறை விடுமுறையை வேறொரு முகத்திற் கண்டது. 2020 மார்ச்சில் நோய்த்தொற்றின் பொருட்டுப் பாடசாலைகள் மூடப்பட்டன. 2022 இல் எரிபொருளின்றி மீண்டும் மூடப்பட்டன. 2021 ஆம் ஆண்டின் உயர்தரப் பரீட்சை 2022 பெப்ரவரியிலும், 2022 ஆம் ஆண்டினது 2023 இன் தொடக்கத்திலும் நடைபெற்றன. என்னோடு கற்கும் தோழர் ஒருவர் தம் தோட்டத்தில் தொலைபேசித் தொடர்பு கிடைக்கும் ஒரே இடமான மேட்டிற்கு நாள்தோறும் ஏறி நின்று பாடங் கேட்டவர். மழை நாட்களில் ஏற முடியாது. அவருடைய பள்ளியாண்டு மழையால் அளக்கப்பட்டது.

ஆண்டு முழுதும் பள்ளி வேண்டுமா என்று கேட்போருக்கு, அது நம்மிடையே நெடுங்காலமாகவே நடைபெறுகின்றது என்பதை நினைவூட்ட விரும்புகின்றேன். யான் உயர்தரம் கற்ற நகரில் ஓகஸ்ற் விடுமுறை தொடங்கும் நாளிலேயே தனியார் வகுப்புகளின் 'விடுமுறைக்கால விசேட வகுப்பு' அறிவித்தல்கள் மதிலெங்கும் ஒட்டப்பட்டுவிடும். காலை ஆறு மணிக்கு இரசாயனவியல், பத்து மணிக்குப் பௌதிகவியல், மாலையில் மீட்டல். கலைப்பிரிவினராகிய எமக்கும் வரலாறும் தமிழும் அவ்வாறே. பணம் கட்டியோருக்கு விடுமுறை இல்லை. கட்ட இயலாத என் வகுப்புப் பையன் ஒருவன் அவ்விடுமுறைகளில் தந்தையோடு மேசன் வேலைக்குப் போனான். தவணை தொடங்கிய நாளில் அவன் கைகளில் சீமெந்து அரித்த புண்கள் ஆறாமலிருந்தன, ஆசிரியர் விடுமுறையில் என்ன படித்தாய் என்று கேட்டார்.