வெளிநாட்டுக் கல்விக் கடன்

தற்காலிக மாணவர் விசாவில் அயல்நாட்டில் மேற்படிப்புப் படிக்க இந்திய வங்கிகள் தரும் கடன். இந்திய வங்கிகள் சங்கம் 2001-இல் வகுத்த மாதிரித் திட்டமே இதன் அடிப்படை. ரூ.4 லட்சம் வரை ஈடு தேவையில்லை, ரூ.7.5 லட்சத்துக்கு மேல் பொதுவாகச் சொத்து ஈடு கேட்கப்படும். கைத்தறிப் போர்வைக்குப் பேர்போன சென்னிமலையில் (ஈரோடு மாவட்டம்) நெசவுக் குடும்பம் ஒன்று வீட்டை ஈடு வைத்தால் மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று ஆகியவற்றை வங்கி வழக்கறிஞர் சரிபார்ப்பார்; பத்திரம் தாத்தா பெயரிலேயே நின்றால் வாரிசுச் சான்றும் வேண்டும், தாமதமும் அங்கேதான். விசாவுக்கான நிதிச் சான்று தனி: சொந்தப் பணமானால் 28 நாள் வங்கிக் கணக்கில் இருந்திருக்க வேண்டும் என்பது பிரிட்டன் விதி. படிப்பு முடிந்து ஓராண்டு வரை கடனுக்குத் தவணை இல்லை. வட்டி மட்டும் ஓடும்.