தலைக்கட்டுக் கணக்கு



வரலாறு என்றதும் அரசர்களும் போர்களும் ஆண்டுகளும் உங்கள் நினைவுக்கு வருவது இயல்பு. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அவற்றையே கற்பித்தவன் நான். ஓய்வு பெற்ற பின் எனக்கு வாய்த்த வரலாற்றுப் பணியோ வேறு வகையானது. கல்வராயன் மலையடிவாரத்தில், கச்சிராயபாளையத்துக்கு அருகே எங்கள் குலதெய்வக் கோயில் இருக்கிறது. பல ஆண்டுகளாகக் கூடாத பங்காளிகள் அனைவரையும் வரும் பங்குனியில் அங்கே கூட்டிப் பொங்கலிடுவது என்று முடிவாயிற்று. யார் யாரை அழைப்பது என்று பட்டியல் எழுதும் பொறுப்பு, “வாத்தியார் எழுதினால் பிழை இராது” என்ற காரணத்தால் என்னிடம் வந்து சேர்ந்தது. பிழை இருந்தது. அதைப் பற்றியே இன்று பேசப் போகிறேன்.

எங்கள் பக்கத்தில் இத்தகைய கூட்டத்துக்கு அடிப்படை தலைக்கட்டு வரி. மணமான ஆண்மகன் ஒருவன் ஒரு தலைக்கட்டு. அரிசி, ஆடு, பந்தல், மேளம், பூசாரிக்குத் தட்சிணை எனச் செலவு முழுவதையும் கூட்டித் தலைக்கட்டுகளால் வகுத்தால், வீட்டுக்கு இவ்வளவு என்று வந்துவிடும். வரி கொடுத்தவன் பங்காளி. பங்காளிக்குக் கோயிலில் முறை உண்டு. கணக்கு எளியது. ஆனால் இக்கணக்கில் மகளிர் இல்லை. மணமாகிப் போன மகள் கணவன் வீட்டுக் கணக்கில் அடங்குவாள். அங்கும் கணவன் பெயரால்தான். 1989ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தமும், 2005இல் நாடு முழுமைக்கும் வந்த திருத்தமும் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனோடு ஒத்த உரிமையை அளித்தன. கோயில் நோட்டுக்கு அச்செய்தி இன்னும் எட்டவில்லை.

நாள் குறிப்பதே பெரும்பாடாயிற்று. கரும்பு வெட்டு முடிந்திருக்க வேண்டும். பிள்ளைகளின் தேர்வு குறுக்கிடக் கூடாது. துபாயில் இருப்பவனுக்கு விடுமுறை கிடைக்க வேண்டும். முன்னாளில் இவ்வளவு தொல்லை இல்லை. அறுவடை முடிந்ததும் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய அஞ்சலட்டை போகும், உறவு வந்துவிடும். கால் அணா விலையில் அஞ்சலட்டை இந்நாட்டில் அறிமுகமானது 1879ஆம் ஆண்டில். அதற்கு முன் செய்தி மனிதர் வாயிலாகவே சென்றது. வராத செய்தியும் தவறாக வந்த செய்தியும் ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்பதற்கு எங்கள் மலைப் பகுதியிலேயே ஒரு பழங்கதை உண்டு.

நான் முதன்முதலாக வேலை ஏற்றது வெள்ளிமலைக்கு அருகே ஒரு சிற்றூர்ப் பள்ளியில். சாமையும் மரவள்ளியும் விளையும் மலைச்சரிவு. கடுக்காய் பொறுக்கப் போன பிள்ளைகளைக் காட்டிலிருந்து அழைத்து வந்து பாடம் நடத்திய காலம். அங்கே முதியவர் ஒருவர் எனக்குச் சொன்ன கதை இது. ஆங்கில ஆட்சிக் காலத்துச் சேலம் மாவட்டக் குறிப்பேடுகளிலும் இது பதிவாகியிருக்கிறது. காஞ்சிபுரத்தில் பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என மூன்று உடன்பிறந்தார் இருந்தனர். ஒருநாள் மூன்று நாய்களுடன் வேட்டைக்குச் சென்றனர். பெருமழை பிடித்துக்கொண்டது. நாய்கள் மட்டும் வீடு திரும்பின. தலைவர்கள் மாண்டனர் என்று கருதிய பெண்கள் வீட்டுக்குத் தீயிட்டுத் தாமும் மாய்ந்தனர். பிழைத்து வந்த மூவரும் கண்டது சாம்பலை. அவர்கள் ஊரைத் துறந்து, வெவ்வேறு குலப் பெண்களை மணந்து, மூத்தவர் சேர்வராயன் மலையிலும், நடுவர் பச்சைமலையிலும், இளையவர் கொல்லிமலையிலும் குடியேறினர் என்பது கதை. கல்வராயனில் வாழும் மலையாளிப் பழங்குடியினரும் காஞ்சியிலிருந்து வந்தோம் என்றே சொல்வர். இதை வரலாறு என்று ஒப்புக்கொள்ள எனக்குச் சான்று போதாது. ஆயினும் மலைக்கு மலை பிரிந்த ஓரினம், ‘நாங்கள் ஒரு தாய் மக்கள்’ என்னும் நினைவை எழுத்தின்றிக் காத்து வந்தது என்பது மெய்யே.

எழுத்தில் வம்சாவளி வைத்திருந்தவர் வேறு சிலர். கல்வராயன் மலை சடைய கவுண்டர், குறும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்னும் மூன்று ஜாகீர்தார்களின் ஆளுகையில் பன்னெடுங்காலம் இருந்தது. நாடு 1947இல் விடுதலை பெற்றும் அம்முறை மலையில் நீடித்து, 1976இல்தான் முடிவுற்றது. நிலமும் வரியும் உடையவர்க்குத் தம் தலைமுறையை வரிசைப்படுத்திக் காட்டும் தேவை இருந்தது. 1821இல் மறைந்த கர்னல் மெக்கன்சி என்பார் திரட்டிய சுவடிகளில் பாளையக்காரர் வம்சாவளிகள் பல உள்ளன. அவற்றுள் ஒரு பகுதி சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் இருக்கிறது. உழுதவனுக்கும் சுமந்தவனுக்கும் வம்சாவளி எழுதியவர் எவருமிலர். எங்களைப் போன்ற குடும்பங்களுக்குக் கோயில் வரி நோட்டுத்தான் செப்பேடு.

எங்கள் நோட்டை 1974இல் என் தந்தையார் எழுதினார். மணி மணியான எழுத்து. பாட்டனாரின் பெயர், அவர் மக்கள், அவர் மக்களின் மக்கள் எனக் கிளை கிளையாகச் செல்லும். பாட்டனாருக்கு ஒரு தம்பி. அவர் பெயருக்கு எதிரே இரண்டே சொற்கள்: ‘வாரிசு இல்லை.’ அவர் இளமையில் இலங்கைக்குச் சென்று அங்கேயே இறந்தார் என்று நாங்கள் கேள்விப்பட்டிருந்தோம். நானும் அவ்விரு சொற்களை அப்படியே புதிய பட்டியலில் பெயர்த்தெழுதினேன். மூல ஆவணத்தை ஐயுற்று நோக்க வேண்டும் என்று மாணவர்க்குக் கற்பித்தவன் செய்த வேலை அது.

திருத்தியவர் என் அத்தை. எண்பது வயதைத் தாண்டியவர். மணமாகி அயலூர் சென்றவராதலால் நோட்டில் அவர் பெயர் இல்லை. பட்டியலைப் படித்துக் காட்டியபோது இடைமறித்தார். “வாரிசு இல்லையா? திண்ணையில் உட்கார்ந்து மோர் குடித்துவிட்டுப் போனானே, அவன் யாரப்பா?” என்றார்.

எனக்கு உடனே நினைவு வந்தது. 1972ஆம் ஆண்டு, எனக்குப் பதினொரு வயது. தகரப்பெட்டியோடு ஒருவர், கூடவே என் வயதுச் சிறுவன் ஒருவன். தந்தையாரும் அவரும் தாழ்ந்த குரலில் நெடுநேரம் பேசினர். அச்சிறுவனும் நானும் புளியங்கொட்டை வைத்து விளையாடினோம். மாலைப் பேருந்தில் அவர்கள் போய்விட்டனர். யாரென்று கேட்டதற்கு, “யாரோ ஊர் தவறி வந்தவர்கள்” என்று தந்தையார் சொன்னார். அவர் என் சிற்றப்பா முறை என்பதும், பெட்டியினுள் தம் தந்தையின் பெயரும் எங்கள் ஊரின் பெயரும் எழுதிய குடும்ப அட்டை இருந்தது என்பதும், தாய்வீட்டுக்கு வந்திருந்த அத்தைக்கு அன்றே தெரியும். பாட்டனாரும் அவர் தம்பியும் பாகம் பிரித்துக்கொள்ளவில்லை. மூன்று ஏக்கர் புன்செயில் பாதி கேட்பார்களோ என்ற அச்சம் வீட்டில் இருந்தது. வந்தவர் நிலம் கேட்கவில்லை. குலதெய்வம் எது என்று மட்டும் கேட்டாராம்.

இவ்விடத்தில் சற்றுப் பொது வரலாறு சொல்ல வேண்டும். இலங்கையில் ஆங்கிலேயர் முதலில் பயிரிட்டது காப்பி. 1869இல் தோன்றிய இலைநோய் அதை அழித்தபின் தேயிலை வந்தது. தேயிலைக்கு ஆண்டு முழுதும் கைகள் வேண்டும். தென்னார்க்காடு, சேலம், திருச்சி, மதுரை ஜில்லாக்களிலிருந்து கங்காணிகள் ஆள் சேர்த்தனர். கங்காணி அயலான் அல்லன். பெரும்பாலும் சொந்த ஊரான், உறவினன். உறவையே வலையாக்கி ஆள் பிடித்த முறை அது. தொழிலாளியின் கடனைத் ‘துண்டு’ என்ற சீட்டில் எழுதி அவனைத் தோட்டத்துக்குத் தோட்டம் மாற்றினர். 1921இல்தான் துண்டு முறை ஒழிந்தது. என் சின்னப் பாட்டனார் போனது அதற்குச் சில ஆண்டுகளுக்குப் பின். மண்டபம் முகாமில் தங்க வைத்துச் சோதித்த பின்னரே கப்பலேற்றுவர். 1939இல் இந்திய அரசு தொழிலாளர் இலங்கை செல்வதைத் தடை செய்தது. 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டத்தால் தோட்டத் தமிழருள் மிகப் பலர் எந்நாட்டுக் குடிமக்களும் அல்லாதவராயினர்.

1964 அக்டோபர் 30ஆம் நாள் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் உடன்படிக்கை செய்துகொண்டனர். அதன்படி 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது. 3,00,000 பேரை இலங்கை ஏற்பது. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வது. அவர்களையும் 1974இல் செம்பாதியாகப் பகிர்ந்தனர். இது நாடுகளுக்கிடையே நடந்த பாகப்பிரிவினை. பகிரப்பட்டவரை எவரும் கேட்கவில்லை என்று பாடநூல்கள் எழுதுவதில்லை. கப்பலில் திரும்பியவர்கள் பலர் இறங்கியதும் அதே மண்டபம் முகாமில்தான். அவர்களுக்கு வேலையளிக்க நீலகிரியில் 1968இல் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கப்பட்டது. பலர் அங்குச் சேர்ந்தனர். முதலில் சொந்த ஊரைத் தேடிப் போய், அங்கு இடமின்றிப் பின் நீலகிரிக்கு ஏறியவரும் உண்டு. எங்கள் திண்ணையில் மோர் குடித்தவர் அவ்வகையினர்.

சட்டமும் என் தந்தையாருக்குத் துணை நின்றிருக்கும். 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டப்படி, ஒருவரைப் பற்றி இயல்பாக அறிந்திருக்க வேண்டியவர்கள் ஏழாண்டுகள் எச்செய்தியும் அறியாவிடில், அவர் உயிரோடிருக்கிறார் என்பவர்தாம் அதனை மெய்ப்பிக்க வேண்டும். 2024இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் இவ்விதி உள்ளது. காஞ்சிப் பெண்கள் அரைநாள் பொறுத்தனர்; சட்டம் ஏழாண்டு பொறுக்கிறது. ஆனால் எங்கள் வீட்டில் நிகழ்ந்தது அதனினும் வேறு. வேட்டைக்குப் போனவரின் மகனே வாயிலில் வந்து நின்ற இரண்டு ஆண்டுகளுக்குப் பின் ‘வாரிசு இல்லை’ என்று எழுதப்பட்டது. என் தந்தையார் கொடியவர் அல்லர், ஊருக்கு நல்லவர். கடனும் ஐந்து பிள்ளைகளும் உடையவர். இதற்குமேல் அவரைப் பற்றிச் சொல்ல எனக்கு நா எழவில்லை.

பங்காளிகள் கூட்டத்தில் இதனைச் சொன்னேன். பெருஞ்சத்தம் எழுந்தது. “ஐம்பது ஆண்டுக்குப் பின் பூதத்தைக் கிளப்புகிறாயே! பட்டா எவன் பெயரில் இருக்கிறது என்று கேட்டால் என்ன சொல்வாய்?” என்றார் ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர். அவர் அச்சம் பொய்யன்று. அந்நிலம் இன்று அவரிடமும் என்னிடமும் இருக்கிறது. கேட்டால் கொடுப்போம் என்றேன். அவர் எழுந்து போய்விட்டார். இன்றுவரை வரியும் கட்டவில்லை.

‘குன்னூர்ப் பக்கத்துத் தோட்டம்’ என்று சிற்றப்பா அன்று சொன்னதை அத்தை மறக்கவில்லை. நீலகிரியில் ஆசிரியராக இருக்கும் என் பழைய மாணவர் ஒருவருக்கு எழுதினேன். அவர் இரண்டு மாதங்கள் தேடினார். சிற்றப்பா காலமாகிவிட்டார், அவர் மகன் இருக்கிறான். எங்கள் ஊர்ப்பெயர் எழுதிய அக்குடும்ப அட்டையைக் கண்ணாடிச் சட்டமிட்டு வைத்திருக்கிறான் என்று செய்தி வந்தது.

தொலைபேசியில் பேசினேன். புளியங்கொட்டை விளையாட்டு அவனுக்கும் நினைவிருந்தது. தந்தையார் செய்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவன் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்பு, “எங்கள் அப்பா சாகுமட்டும் குலதெய்வம் தெரியாமல், வேப்பமரத்தடியில் ஒரு கல்லை நட்டுக் கும்பிட்டார், அண்ணா” என்றான். அதற்கு நான் என்ன சொல்வது? சாமியின் பெயரைச் சொன்னேன். எழுதிக்கொள்வதற்காக இருமுறை கேட்டான்.

தந்தையாரின் நோட்டில் அவ்விரு சொற்களை நான் அழிக்கவில்லை. விடைத்தாளைத் திருத்துவது போலச் சிவப்பு மையால் அருகே அவர்கள் பெயர்களை எழுதினேன். ‘இந்த வீட்டில் பிறந்த பெண்கள்’ என்று தனிப் பக்கம் ஒன்றைத் தொடங்கி, அத்தையின் பெயரை முதலில் எழுதினேன். தமக்கும் வரி போட வேண்டும் என்கிறார் அவர். பூசாரி இன்னும் தலையாட்டவில்லை.

பேச்சை முடிக்கும்போது அவன், “தலைக்கட்டு வரி எவ்வளவு அண்ணா?” என்று கேட்டான். இரண்டாயிரம் என்றேன்.

“எனக்கும் இரண்டு பிள்ளைகளுக்குமாக மூன்று தலைக்கட்டு. ஆறாயிரம் எழுதிக்கொள்ளுங்கள்” என்றான்.