ஒண்டுக்குடித்தனத்தில் 64 ப்ராசசர்கள்

கோ மொழியில் எழுதிய எங்கள் சேவை ஒன்று திடீரென்று திணற ஆரம்பித்தது. மெமரி போதுமான அளவு இருந்தது. ப்ராசசர் பயன்பாடும் சராசரியாகக் குறைவுதான். ஆனாலும் சில கோரிக்கைகளுக்கு மட்டும் பதில் வரத் தாமதம். இரண்டு ராத்திரி முழித்த பிறகு ஆள் பிடிபட்டது: கோமேக்ஸ்ப்ராக்ஸ் என்கிற ஒற்றை எண். நிரல் ஒரே நேரத்தில் எத்தனை ப்ராசசர்களில் ஓடலாம் என்பதற்கான உச்சவரம்பு அது. நாங்கள் யாரும் அதைத் தொட்டதே இல்லை. அதுதான் பிரச்சினையே.

இந்த எண்ணுக்கு ஒரு வரலாறு உண்டு. 2007இல் கூகுளில் ராபர்ட் கிரீஸ்மர், ராப் பைக், கென் தாம்ப்சன் மூவரும் வடிவமைக்கத் தொடங்கிய மொழி கோ. 2009 நவம்பரில் வெளியானது. பல வேலைகளைச் சேர்ந்தாற்போல் நடத்துவதில் பேர் வாங்கிய மொழி. ஆனால் நாமாக மாற்றாவிட்டால் அந்த எண் வெறும் 1! அன்றைய ஷெட்யூலரில் எல்லா வேலைகளும் ஒரே வரிசையில், ஒரே பூட்டுக்காகக் காத்து நின்றன. ப்ராசசரைக் கூட்டினால் சில நிரல்கள் மெதுவாகிவிடும். ஷெட்யூலர் மேம்பட்டதும் இந்த அமைப்பே போய்விடும் என்று ஆவணத்தில் பல வருடங்கள் ஒரு குறிப்பு இருந்தது.

டிமித்ரி வியுகோவின் புதிய ஷெட்யூலர் 2013இல் 1.1 பதிப்போடு வந்தது. ஆளுக்கொரு வரிசை, தன்னுடையது காலியானால் பக்கத்து வரிசையிலிருந்து வேலையை எடுத்துக்கொள்ளலாம். அந்தத் தெம்பில், 2015 ஆகஸ்டில் வந்த 1.5 பதிப்பு, 1 என்பதைக் 'கண்ணில் படுகிற அத்தனை ப்ராசசர்களும்' என்று மாற்றியது.

அதற்குள் சர்வர்களில் கன்டெய்னர் யுகம் வந்துவிட்டது. தனி வீடு போய் ஒண்டுக்குடித்தனம். எங்கள் சர்வரில் 64 ப்ராசசர்கள். எங்கள் பங்கு 2. லினக்ஸ் அதை 100 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை படியளக்கிறது: ஒவ்வொரு தவணைக்கும் 200 மில்லிசெகண்ட் ப்ராசசர் நேரம். எங்கள் நிரலோ 64ஐயும் தன் சொத்தாக நினைத்தது. கூட்டம் வரும்போது 64 இழைகளும் ஒன்றாக ஓடினால் மூன்றே மில்லிசெகண்டில் படி காலி. மிச்சம் 97ம் கைகட்டி நிற்க வேண்டியதுதான். ஒண்ணாம் தேதியே சம்பளம் தீர்ந்துபோன கதை. சராசரியில் இது தெரியவே தெரியாது.

எண்ணை 2 என்று மாற்றினோம். தாமதம் போய்விட்டது.

2025 ஆகஸ்டில் வந்த 1.25 பதிப்பு, லினக்ஸில் இந்தப் பங்கைத் தானே படித்துக்கொள்கிறது. நடுவில் பங்கு மாறினாலும் கவனிக்கிறது. போய்விடும் என்று சொன்ன எண் இன்னும் இருக்கிறது. எங்களிடம் பழைய பதிப்பில் ஓடும் சேவைகளும் இருக்கின்றன. அவற்றில் எதைத் திறந்தாலும் நான் முதலில் தேடுவது அதைத்தான்.