கைமாறும் கைக்கடிகாரங்கள்

ஒருவர் கட்டிப் பழசாக்கிய கைக்கடிகாரத்தை, புதிதாக விற்ற விலையைவிடப் பல மடங்கு கொடுத்து இன்னொருவர் வாங்கும் வழக்கம் வேரூன்றி ஐம்பது ஆண்டுகள்கூட ஆகவில்லை. அதற்கு முன்பும் சேகரிப்பாளர்கள் இருந்தார்கள். ஆனால் அவர்கள் பெரும்பாலும் தேடியவை சட்டைப்பைக் கடிகாரங்கள். இங்கிலாந்தின் டேவிட் லயனல் சாலமன்ஸ், பிரெகே பட்டறையின் படைப்புகளைத் தேடித்தேடிச் சேர்த்தவர். பிரெஞ்சு அரசி மேரி அன்டோனெட்டுக்காக 1783இல் தொடங்கப்பட்டு, அவர் தலை வெட்டப்பட்டு 34 ஆண்டுகள் கழித்து 1827இல் முடிந்த கடிகாரத்தை 1917இல் வாங்கியவரும் அவர்தான். அத்தகைய ஒற்றைப் படைப்புகளுக்கு இருந்த மதிப்பு, ஆலையில் ஆயிரக்கணக்கில் செய்யப்பட்ட கைக்கடிகாரத்துக்கு இல்லை. பழசானால் அது அடகுக்கடைக்கோ பழுதுபார்ப்பவரின் மேசைக்கோ போய்ச் சேர்ந்தது.

இந்த நிலையைப் புரட்டிப் போட்டது குவார்ட்ஸ். 1969 டிசம்பர் 25 அன்று டோக்கியோவில் சீக்கோ நிறுவனம் அஸ்ட்ரான் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு வைத்தது. மின்கலத்தின் விசையில் நொடிக்கு 8,192 முறை அதிரும் படிகம் அதன் உயிர்நாடி. மாதத்துக்கு ஐந்து நொடிக்கு மேல் பிசகாது என்றது நிறுவனம். விலை 4,50,000 யென். அடுத்த பத்தாண்டில் குவார்ட்ஸ் விலை மளமளவென இறங்கியது. சாவி கொடுக்கும் சுவிஸ் கடிகாரங்கள் தேங்கின. 1970இல் ஏறக்குறைய 90,000 பேருக்கு வேலை தந்த சுவிஸ் கடிகாரத் தொழிலில், 1980களின் நடுவில் எஞ்சியவர்கள் 30,000 சொச்சம் பேர். பல ஆலைகள் மூடப்பட்டன. அச்சுகளும் கருவிகளும் பழைய இரும்பாகப் போயின. லெ லோக்ல் ஊரில் ஜெனித் நிறுவனத்தின் ‘எல் பிரைமரோ’ இயந்திரத்துக்கான கருவிகளையும் கழித்துவிடும்படி 1975இல் உத்தரவு வந்தது. அங்கே வேலை பார்த்த சார்ல் வெர்மோ அதற்கு உடன்படாமல், அவற்றைக் கட்டடத்தின் பரணில் ஒளித்து வைத்தார்.

நேரம் பார்க்கப் பல்சக்கரக் கடிகாரம் தேவையில்லை என்றான பிறகே அதன் வேலைப்பாடு கண்ணில் பட்டது. இனிச் செய்யப்படாது என்பதே அதற்கு ஒரு மதிப்பானது. 1974இல் ஜெனீவாவில் ஆஸ்வால்டோ பாட்ரிசி தொடங்கிய ஆன்டிகோரம், கடிகார ஏலத்தையே தன் தொழிலாகக் கொண்டு வளர்ந்தது. 1989இல் பதேக் பிலிப் கடிகாரங்களுக்கென்றே அது ஒரு தனி ஏலம் நடத்தியது. படங்களும் எண்களும் விவரங்களும் அடங்கிய ஏலப் பட்டியல்களே சேகரிப்பாளர்களுக்குப் பாடநூல்களாயின.

இந்த மாற்றத்துக்குப் பொருத்தமான சான்று ரோலெக்ஸ் டேட்டோனா. கார்ப் பந்தயக்காரர்களை மனத்தில் கொண்டு 1963இல் வந்த இந்தக் கடிகாரத்தில் ஒரு வகை டயல் சற்று விசித்திரமானது. சிறு வட்டங்களுக்குள் கோடுகளின் முனையில் குட்டிச் சதுரங்கள், விளிம்பைச் சுற்றி வேறு நிறத்தில் ஒரு பட்டை. வாடிக்கையாளர்களுக்கு அது பிடிக்கவில்லை, கடைகளில் தேங்கியது. நடிகர் பால் நியூமன் கட்டியிருந்ததும் அந்த வகைதான். பின்னாளில் சேகரிப்பாளர்களிடையே அவர் பெயரே அந்த டயலுக்கு நிலைத்தது. 1988இல், வெர்மோ காப்பாற்றிய எல் பிரைமரோவை அடிப்படையாகக் கொண்டு தானாகச் சாவி ஏறும் புதிய டேட்டோனாவை ரோலெக்ஸ் வெளியிட்டது. அதற்குக் காத்திருப்போர் வரிசை நீண்டது; கையால் சாவி கொடுக்கும் பழையதும் தேடப்பட்டது. நியூமனுக்கு மனைவி ஜோன் உட்வர்ட் பரிசளித்த கடிகாரமே 2017 அக்டோபர் 26 அன்று நியூயார்க்கில் ஃபிலிப்ஸ் ஏலத்துக்கு வந்தது. பின்மூடியில், கவனமாக வண்டி ஓட்டும்படி அவர் பொறித்துத் தந்த வாசகம் இருந்தது. போன விலை 1,77,52,500 டாலர். அதுவரை எந்தக் கைக்கடிகாரமும் ஏலத்தில் அந்த விலையைத் தொட்டதில்லை.

விலை ஏறியதும் போலியும் பெருகியது. வாங்குபவரும் உருப்பெருக்கியோடு வர நேர்ந்தது. முதலில் பார்ப்பது டயல். 1960களிலிருந்து 1990கள் வரை இருட்டில் ஒளிரும் பூச்சுக்கு டிரிடியம் பயன்பட்டது. அதன் வீரியம் சுமார் 12 ஆண்டுகளுக்கொரு முறை பாதியாகும். ஆகவே 1965ஆம் ஆண்டுக் கடிகாரம் இன்று இருட்டில் பளிச்சென்று ஒளிர்ந்தால், பூச்சு பிற்காலத்தது என்று பொருள். டயலின் புள்ளிகள் பழுப்பேறியிருக்க, முள் மட்டும் வெளுப்பாக இருந்தால் முள் மாற்றப்பட்டிருக்கலாம். அடுத்தது கூடு. பலமுறை பாலிஷ் போட்டால் பட்டை கோக்கும் கொம்புகளின் கூர்விளிம்பு மழுங்கி, கூடு சோப்புக் கட்டிபோல உருண்டுவிடும். பழைய ரோலெக்ஸ்களில் பட்டையைக் கழற்றினால், கொம்புகளுக்கிடையே மாதிரி எண்ணும் வரிசை எண்ணும் தெரியும். இந்தியாவில் எச்.எம்.டி., ஃபேவர் லூபா போன்ற பழைய கடிகாரங்களுக்குப் புது டயல் அச்சடித்து, கிடைத்த உதிரிகளைக் கோத்து விற்பதும் பரவலாக நடந்தது. சேகரிப்பாளர்கள் அவற்றுக்கு ‘மும்பை ஸ்பெஷல்’ என்று பெயரிட்டு ஒதுக்கினர். எதையும் மாற்றாத, ஆண்டுகளின் தடம் மட்டும் படிந்த கடிகாரத்துக்கே உயர்ந்த விலை என்பது இப்படித்தான் சந்தையின் விதியானது.

2000க்குப் பிறகு தேடல் இணையத்துக்கு நகர்ந்தது. இங்கிலாந்தில் வாட்ச்ஃபைண்டரும் ஜெர்மனியில் குரோனோ24உம் பழைய கடிகாரங்களை உலகச் சந்தைக்குக் கொண்டு வந்தன. இந்த வியாபாரத்திலிருந்து நெடுங்காலம் விலகியிருந்த பெருநிறுவனங்களும் இறங்கின. கார்ட்டியே உள்ளிட்ட நிறுவனங்களை வைத்திருக்கும் ரிஷ்மாண்ட் 2018இல் வாட்ச்ஃபைண்டரை வாங்கியது. ரோலெக்ஸ் 2022 டிசம்பரில், குறைந்தது மூன்று ஆண்டுகள் பழகிய தன் கடிகாரங்களைச் சோதித்து, இரண்டாண்டு உத்தரவாதத்துடன் அங்கீகரிக்கப்பட்ட கடைகள் வழியே விற்கும் திட்டத்தை அறிவித்தது. உருப்பெருக்கியோடு வந்தவர் தேடிய நம்பகத்தன்மைக்கு, செய்த நிறுவனமே சான்றிதழ் தரத் தொடங்கியது.