வார்ரோ (கி.மு. 116–27)

மார்க்கஸ் டெரென்டியஸ் வார்ரோ ரோமானியக் குடியரசின் கடைசி நூற்றாண்டில் வாழ்ந்த லத்தீன் அறிஞர். வரலாறு, வேளாண்மை, மொழி, சமயம், மக்கள் வாழ்க்கை என்று அவர் தொடாத துறை குறைவு. 78ஆம் வயதில் அடியெடுத்து வைத்தபோது 490 நூற்சுருள்களை எழுதி முடித்திருந்ததாக அவரே கணக்குச் சொன்னதைப் பிற்கால ரோமானிய எழுத்தாளர் ஆலஸ் கெல்லியஸ் குறித்து வைத்திருக்கிறார். அவற்றில் முழுமையாகக் கைக்கு வந்திருப்பது வேளாண்மை நூல் ஒன்றுதான். 25 பகுதிகள் கொண்ட ‘லத்தீன் மொழி பற்றி’யில் ஆறு பகுதிகள் மிஞ்சின. மற்றவையெல்லாம் பிறர் எடுத்தாண்ட துணுக்குகளாகவே கிடைக்கின்றன.

ரோமுக்கு வடகிழக்கே சபைன் நாட்டில் உள்ள ரெயாட்டே (இன்றைய ரியெட்டி) அவர் ஊர். நிலபுலமும் கால்நடையும் நிறைந்த குடும்பம். ரோமில் அறிஞர் ஏலியஸ் ஸ்டிலோவிடமும் ஏதென்ஸில் தத்துவவாதி அந்தியோக்கஸிடமும் படித்தார். அரசியலில் தளபதி பாம்பேயின் பக்கம் நின்றவர், கி.மு. 67இல் கடற்கொள்ளையரை ஒடுக்கிய போரில் அவருக்குக் கீழ்ப் பணியாற்றினார். பாம்பேக்கும் சீசருக்கும் உள்நாட்டுப் போர் மூண்டபோது, கி.மு. 49இல் ஸ்பெயினில் சீசரிடம் படையோடு சரணடைந்தார். சீசர் அவரைத் தண்டிக்கவில்லை. ரோமில் அமையவிருந்த பொது நூலகத்துக்கு நூல்களைத் திரட்டி ஒழுங்குபடுத்தும் பொறுப்பைக் கொடுத்தார். சீசர் கொலையுண்டதால் அந்தத் திட்டம் நின்றுபோயிற்று. கி.மு. 43இல் ஆண்டனி தரப்பு வெளியிட்ட கொலைப் பட்டியலில் வார்ரோவின் பெயரும் இருந்தது. நண்பர் ஒருவர் அடைக்கலம் தந்ததால் உயிர் தப்பினார். அவருடைய நூலகம் சூறையாடப்பட்டது. சொந்த எழுத்துகள் பலவும் அதோடு போயின. பின்னர் அசினியஸ் போலியோ ரோமில் முதல் பொது நூலகத்தை நிறுவியபோது, உயிரோடிருந்த எழுத்தாளர்களில் வார்ரோவின் சிலை மட்டுமே அங்கு வைக்கப்பட்டது.

வரலாற்றில் அவருடைய பெரும்பணி ‘மானிட, தெய்விகத் தொன்மைகள்’. 41 பகுதிகளில் 25 மனிதர் செயல்களைப் பற்றியவை, 16 தெய்வ காரியங்களைப் பற்றியவை. மனிதரை முன்னே வைத்ததற்கு அவர் காரணமும் சொன்னார்: ஓவியன் இருந்த பிறகே ஓவியம், ஊர் உண்டான பிறகே அந்த ஊரின் வழிபாட்டு முறைகள். கவிஞர்கள் பாடும் தெய்வம், தத்துவவாதிகள் ஆராயும் தெய்வம், நகரம் வழிபடும் தெய்வம் என மூன்றாக அவர் பிரித்ததும் இந்நூலில்தான். இதெல்லாம் நமக்குத் தெரிவது, நூலை மறுப்பதற்காகவே பக்கம் பக்கமாக எடுத்துக்காட்டிய கிறித்தவ ஆயர் அகஸ்டினால். ரோம் நகரம் கி.மு. 753இல் நிறுவப்பட்டது என்று பாடநூல்களில் வரும் ஆண்டும் வார்ரோ பெயரால் வழங்கும் காலக்கணக்குதான். ரோமை நிறுவியவராகச் சொல்லப்படும் ரோமுலஸின் வாழ்க்கை நிகழ்வுகளை வைத்து அவர் பிறந்த நாழிகையைக் கணித்துத் தரும்படி டருட்டியஸ் என்ற சோதிட நண்பரிடம் வார்ரோ கேட்டதாகப் புளூட்டார்க் எழுதுகிறார். ஜாதகத்தைக் கொண்டு வாழ்க்கையைச் சொல்வது வழக்கம். இங்கே வாழ்க்கையைக் கொண்டு ஜாதகம் எழுதியாயிற்று. 753 என்ற எண்ணை நாள் தேதி சரியான சான்றாக எடுத்துக்கொள்வோர் இதை நினைவில் வைப்பது நல்லது.

முன்னோர் எப்படி வீடு கட்டினர், என்ன உண்டனர், எதை உடுத்தினர் என்று ‘ரோமானிய மக்களின் வாழ்க்கை’யில் எழுதினார். 150 அங்கதச் சுருள்களில் சமகாலத்து ஆடம்பரத்தைக் கிண்டலடித்தார். இவை அழிந்துபோனது இழப்புதான். ஆனால் அந்தச் சமூகத்தை நேருக்கு நேர் காட்டும் நூல் தப்பித்திருக்கிறது. அது அவருடைய வேளாண்மை நூல்.

80ஆம் வயதில், கி.மு. 37இல், பண்ணை ஒன்றை வாங்கியிருந்த மனைவி ஃபுண்டானியாவுக்கு வழிகாட்டியாக முதல் பகுதியை எழுதினார். மூன்று பகுதிகளும் நிலக்கிழார்களின் உரையாடலாக அமைந்தவை: முதலாவது பயிர், இரண்டாவது கால்நடை, மூன்றாவது பண்ணைவீட்டில் வளர்க்கும் பறவை, தேனீ, மீன். லூபின் என்ற பயற்றுச்செடியைக் காய் பிடிக்குமுன் மடக்கி உழச் சொல்கிறார்; நம் வயலில் கொழிஞ்சிக்கும் தக்கைப்பூண்டுக்கும் செய்வது அதுவே. சதுப்பு நிலத்தருகே வீடு கட்டாதே, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் காற்றில் மிதந்து வாய், மூக்கு வழியே உடலில் புகுந்து தீரா நோய் தரும் என்கிறார். இதனால் நுண்ணுயிரியலுக்கே அவரைத் தந்தையாக்குவது மிகை. அது கூர்மையான ஊகம், அவ்வளவுதான். நோய் தரும் அப்படிப்பட்ட பண்ணை வாரிசுரிமையாக வந்தால் என்ன செய்வது என்று உரையாடலில் ஒருவர் கேட்கிறார். கிடைத்த விலைக்கு விற்றுவிடு, விற்க முடியாவிட்டால் விட்டுவிடு என்று பதில் வருகிறது.

கணக்கில் அவர் கெட்டி. சபைன் நாட்டுப் பண்ணை ஒன்றின் பறவைக்கூண்டிலிருந்து ஒரே ஆண்டில் 5,000 பூங்குருவிகள் தலைக்கு 3 டெனாரியஸ் வீதம் விற்று 60,000 செஸ்டர்ஸ் (ஒரு டெனாரியஸுக்கு நான்கு செஸ்டர்ஸ்) கிடைத்ததாம். ரெயாட்டேயில் 200 யூகரம், அதாவது சுமார் 125 ஏக்கர், நிலம் தரும் வருமானத்தைப்போல் அது இரு மடங்கு. ரோமில் விருந்துகள் பெருகப் பெருக, கோதுமை வயலைவிடக் குருவிக்கூண்டு லாபமாகிவிட்டது. அங்கதத்தில் திட்டிய ஆடம்பரத்துக்கே இங்கே வியாபாரக் கணக்குப் போட்டுக் காட்டுகிறார்.

அதே கணக்கு மனிதர்மீதும் பாய்கிறது. பண்ணைக் கருவிகளைப் பேசுபவை, பாதி பேசுபவை, பேசாதவை என வகுக்கும் இடத்தில் அடிமைகள், மாடுகள், வண்டிகள் என்று வரிசைப்படுத்துகிறார். நோய் பரவும் நிலத்தில் அடிமைகளைவிடக் கூலியாட்களை வைப்பதே நல்லது என்கிறார். கூலியாள் செத்தால் முதலாளிக்கு முதல் நட்டமில்லை என்பது சொல்லாமலே விளங்கும். அடிமைகளைச் சாட்டையால் அல்ல, முடிந்த இடத்தில் சொல்லால் நடத்தச் சொன்னவரும் இவரே என்பதால், இந்தக் கணக்கு இன்னும் உறுத்துகிறது.

முதல் பகுதியின் உரையாடல் நடப்பது பூமித்தாயின் கோயிலில், விதைப்புத் திருநாளில். விருந்துக்கு அழைத்த கோயில் காவலருக்காகக் காத்திருக்கும்போதே பேச்சு வளர்கிறது. கடைசியில் அவர் கூட்டத்தில் யாராலோ கத்தியால் குத்தப்பட்டார் என்று சேதி வருகிறது. ரோமில் இப்படி நடப்பதில் வியப்பில்லை என்ற பாவனையில் எல்லோரும் கலைந்து போகிறார்கள். வேளாண்மைக் கையேட்டில் இப்படியொரு முடிவை வைக்க உள்நாட்டுப் போரில் அடிபட்ட ஒருவருக்குத்தான் தோன்றும்.

பிற்கால ரோமானிய எழுத்தாளர்களான கொலுமெல்லாவும் மூத்த பிளினியும் வேளாண்மைக்கு வார்ரோவை ஆதாரமாகக் கொண்டனர். வேளாண்மையைப் பாடிய வர்ஜிலும் இந்நூலைப் பயன்படுத்தினார். 1472இல் வெனிஸில் நிக்கோலா ஜென்சன் கேட்டோ, கொலுமெல்லா, பல்லேடியஸ் ஆகியோரின் வேளாண் நூல்களோடு சேர்த்து இதை முதன்முதலாக அச்சிட்டார்.