வழங்குநர் திறன் அளவீடு

பொருள் தருவதாக ஒப்புக்கொண்டவர் சொன்ன அளவில், சொன்ன தரத்தில், சொன்ன நாளில் தருகிறாரா என்று கணக்கிட்டுப் பார்க்கும் முறை. ஆலைகளில் ‘வெண்டர் ரேட்டிங்’ என்பார்கள்.

பெயர்தான் புதிது. தஞ்சைப் பெரிய கோயிலில் அணையாமல் எரியும் ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடுகளையோ, 48 பசுக்களையோ, 16 எருமைகளையோ இடையரிடம் ஒப்படைத்தனர். அவர்கள் நாள்தோறும் ‘ஆடவல்லான்’ என்ற அளவையால் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு செத்தாலும் ஈன்றாலும் கணக்கில் எண்ணிக்கை மாறாது. அதனால் ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர். கொடுத்தது என்ன, வாங்க வேண்டியது என்ன, எதனால் அளப்பது என்ற மூன்றையும் கல்லிலேயே வெட்டிவிட்டார்கள்.

உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டுகள் (919, 921) இன்னொரு பக்கத்தைக் காட்டுகின்றன. ஏரி, தோட்டம், பொன் முதலிய வாரியங்களில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய நெருங்கிய உறவினருக்கும் ஓலைச்சீட்டு எடுத்து உறுப்பினரைத் தேரும் குடவோலையில் இடமில்லை. பொறுப்பில் இருப்பவரையே அளந்த விதி இது. 

கல்வித்துறை ஆய்வு பின்னால் வந்தது. அமெரிக்காவில் டிக்சன் என்ற ஆய்வாளர் 1966இல் வழங்குநரைத் தேர்வதற்கான 23 அளவுகோல்களைத் தொகுத்தார். தரமும் குறித்த நேரத்தில் தருவதும் முன்னே நின்றன. 1978இல் சார்ன்ஸ், கூப்பர், ரோட்ஸ் மூவரும் ‘தரவு உறைப் பகுப்பாய்வு’ முறையை அமைத்தனர். ஒவ்வொருவரும் எவ்வளவு செலவில் எவ்வளவு பயன் தருகிறார் என்பதை, அந்தக் கூட்டத்திலேயே சிறந்தவரோடு ஒப்பிட்டுச் சொல்லும் கணக்கு அது. 1996இல் வெபர் அதை வழங்குநர்களுக்குப் பொருத்தினார்.

உத்திரமேரூர் இருக்கும் காஞ்சிபுரம் மாவட்டத்தில் வழங்குநர் அளவீடு கார் ஆலைகளோடு வேரூன்றியது. இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையிலிருந்து 1998இல் சான்ட்ரோ வெளிவந்தது. உதிரிபாக ஆலைகள் சுற்றிலும் எழுந்தன. பத்து லட்சம் பாகங்களில் எத்தனை பழுது, சரக்கு வண்டி குறித்த நேரத்தில் வந்ததா என்பவையே இத்தொழிலில் மதிப்பெண். அதே 1998இல் சென்னை சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு தரத்துக்கான டெமிங் பரிசு பெற்றது.

உத்திரமேரூர் வட்டாரத்தில் வழங்குநர் என்றால் விவசாயிதான். தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டினால் நெல் திரும்பும், அரசு வரம்பைத் தளர்த்தும் பருவங்கள் நீங்கலாக. மூட்டைக்கு 40 கிலோ. பதரும் கல்லும் மண்ணும் கூடப் பார்க்கப்படும். ஆனால் நிலையம் எடுக்கத் தாமதித்து, களத்தில் குவித்த நெல் மழையில் நனைந்தால், அந்த ஈரமும் விவசாயி கணக்கில்தான் ஏறுகிறது. நிலையத்தையும் அளக்க, நெல் வந்த தேதி, எடுத்த தேதி, பணம் போட்ட தேதி மூன்றையும் நிலைய வாசலில் எல்லோரும் படிக்கும்படி எழுதிவைக்க வேண்டும்.